வழுக்கும் பொலித்தீனும் ஒட்டிக்கொள்ளும் பொலித்தீனும்

தேயிலை நாற்றுமேடையில் மண் நிரப்புவதற்கான பொலித்தீன் உறைகள் தட்டையாக அடுக்கப்பட்டுக் கட்டுக்கட்டாக வருகின்றன. சில கட்டுகளில் விரல் பட்டவுடன் ஒவ்வோர் உறையும் தனித்தனியாக நழுவி வந்துவிடும். வேறு சில கட்டுகளில், தடிப்பிலோ நிறத்திலோ விலையிலோ எந்த வித்தியாசமும் தெரியாதபோதும், உறையின் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாய் திறக்க மறுக்கும். வேலை செய்பவர்கள் அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, ஓரத்தில் ஒரு சிறு சுருக்கத்தை விழச் செய்து, அந்தச் சுருக்கத்தின் வழியாகக் காற்றை உள்ளே விட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு கட்டுகளும் ஒரே பல்பகுதியத்தால், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கொண்ட ஒரே பொருளால், ஆனவை. ஆனாலும் அவற்றின் உராய்வு மூன்று நான்கு மடங்கு வேறுபடலாம். அந்த வேறுபாட்டுக்குக் காரணமானவை பெரும்பாலும் படலத்தின் மேற்பரப்பிலிருந்து சில நனோமீற்றர் ஆழத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நாம் கையாளும் பொலித்தீன் தாள்களின் தடிப்போ பெரும்பாலும் 20 முதல் 100 மைக்குரோமீற்றர் வரை, அதாவது 20,000 முதல் 100,000 நனோமீற்றர் வரை இருக்கும்.

உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு உராய்வின் இரண்டு விதிகள் நினைவிருக்கும். உராய்வு விசை செவ்வன் மறுதாக்கத்துக்கு, அதாவது பரப்புகளைச் செங்குத்தாக அழுத்தும் விசைக்கு, நேர்விகிதசமமானது என்பது ஒன்று. தொடுகின்ற பரப்பளவில் அது தங்கியிருப்பதில்லை என்பது மற்றொன்று. 1699 இல் பிரான்சில் அமொன்தோன் இவற்றை வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கூலோம் விரிவான பரிசோதனைகளால் இவற்றை உறுதிப்படுத்தினார். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இவை போதும். மெல்லிய பல்பகுதியப் படலத்துக்கு வரும்போதுதான் இரண்டுமே ஆட்டம் காண்கின்றன. அது ஏன் என்பதை அறிவதற்கு, இரண்டு பொருள்கள் தொடுகின்றன என்று நாம் சொல்லும்போது உண்மையில் தொடுவது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் போடன், டேபர் ஆகிய இருவரும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்த்தெடுத்த விளக்கம் இன்றும் இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. கண்ணுக்கு எவ்வளவு மட்டமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு மேற்பரப்பும் மேடும் பள்ளமுமாகவே இருக்கிறது. ஹற்றன், தலவாக்கலைப் பகுதியின் மலைத்தொடரைப் பெயர்த்தெடுத்துத் தலைகீழாகப் புரட்டி, பதுளைப் பக்கத்து மலைகளின் மேல் கவிழ்த்து வைத்தால், சில சிகரங்கள் மட்டுமே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளத்தாக்குகள் அனைத்தும் வெறுமையாகவே கிடக்கும். இரண்டு திண்மங்கள் தொடும்போது நடப்பதும் இதுவே. முட்டிக்கொள்ளும் சிகரங்களின் மொத்தப் பரப்பளவே உண்மையான தொடுபரப்பு. நாம் அடிமட்டத்தால் அளக்கும் பரப்பளவு வெறும் தோற்றம்.

அந்த உண்மையான பரப்பளவு எவ்வளவு சிறியது என்பதை ஓர் உத்தேசக் கணக்கால் காட்டலாம். படலங்களின் உராய்வைச் சோதிக்கும் அமெரிக்க நியம முறையில், 63.5 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரமான, 200 கிராம் திணிவுடைய ஒரு கட்டையின் கீழ்ப்பக்கத்தில் படலத்தைச் சுற்றி, அதை இன்னொரு படலத்தின் மீது இழுப்பார்கள். கட்டையின் நிறை ஏறத்தாழ 2 நியூட்டன். பொலித்தீனின் சிகரங்களை நசுக்கி மட்டமாக்குவதற்கு ஏறத்தாழ 20 மெகாபசுக்கால் அமுக்கம் வேண்டும் என்று கொண்டால், அந்த நிறையைத் தாங்குவதற்கு 0.1 சதுர மில்லிமீற்றர் பரப்பளவு போதும். கட்டையின் அடிப்பரப்போ ஏறத்தாழ 4,000 சதுர மில்லிமீற்றர். ஆக, நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான் உண்மையில் தொடுகிறது. பொலித்தீன் மீள்தன்மையுடையது, பக்கத்தில் வந்ததை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளவும் கூடியது என்பதால் உண்மை விடை இதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் விடை ஏறத்தாழ எந்த அளவில் இருக்கும் என்பதை அறிவதற்கு இந்தக் கணக்குப் போதுமானது.

இதிலிருந்து உராய்வுக்கான எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது: உண்மையான தொடுபரப்பை, அந்தத் தொடுபரப்பின் ஓர் அலகை அறுத்து நகர்த்துவதற்குத் தேவைப்படும் தகைப்பால் (ஓரலகு பரப்புக்கான விசையால்) பெருக்கினால் உராய்வு விசை வரும். மேற்பரப்பின் எந்தப் பண்பைப் பற்றிப் பேசினாலும், அது தொடுபரப்பைக் கூட்டிக் குறைக்கிறதா, அல்லது அந்தத் தகைப்பைக் கூட்டிக் குறைக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில பண்புகள் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகின்றன. அங்கேதான் ஆய்வாளர்களுக்கும் தலைவலி தொடங்குகிறது.

முதலில் கரடுமுரடு. கரடான மேற்பரப்பு அதிகம் உராயும், வழவழப்பானது குறைவாக உராயும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள எண்ணம். மண் பாதைக்கும் வாகனத்தின் டயருக்கும் அது சரி. மெல்லிய பல்பகுதியப் படலங்களில் நிலைமை பெரும்பாலும் தலைகீழானது. மிக வழவழப்பான இரண்டு பொலித்தீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அவை மென்மையாகவும் வளையக்கூடியவையாகவும் இருப்பதால் ஒன்றின் வடிவத்துக்கு மற்றொன்று இணங்கிக்கொள்கிறது, தொடுபரப்பு பெருகுகிறது, உராய்வும் அதோடு பெருகுகிறது. இதைத் தடுப்பதற்காகவே தயாரிப்பாளர்கள் உருகிய பொலித்தீனில் மிக நுண்ணிய சிலிக்கா அல்லது டல்க் துணிக்கைகளைச் சிறிதளவு கலக்கிறார்கள். படலம் குளிர்ந்ததும் அவை மேற்பரப்பில் நுண்ணிய முடிச்சுகளாகத் துருத்தி நின்று, இரண்டு தாள்களும் அந்த முடிச்சுகளில் மட்டும் தொடுமாறு செய்கின்றன. 1975 இல் ஃபுல்லர், டேபர் ஆகியோர் இறப்பர் உருண்டைகளைக் கரடாக்கப்பட்ட பேர்ஸ்பெக்சு என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளில் அழுத்தி ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஒரு மைக்குரோமீற்றர் அளவான கரடே ஒட்டுதலை அநேகமாக இல்லாமற் செய்துவிடப் போதுமானது என்று கண்டார்கள். மேலே சொன்ன நாற்று உறையைத் தேய்த்துச் சுருக்கம் விழச் செய்வதும் இதன் கைவேலை வடிவமே: ஓரிடத்தில் தொடுகையை உடைத்து இடைவெளி உண்டாக்கிவிட்டால், மீதியை அந்த ஓரத்திலிருந்து உரித்தெடுப்பதற்கு மிகச் சிறிய விசை போதும், ஏனெனில் உரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு கோட்டில் உள்ள பிணைப்புகளை மட்டுமே நாம் அறுக்கிறோம்.

கரடு இன்னொரு வகையிலும் முக்கியமானது. ஒற்றைக் கோளச் சிகரம் ஒன்றை மீள்தன்மையுடன் அழுத்தினால், சுமையை 8 மடங்காக்கும்போது தொடுபரப்பு 4 மடங்குதான் ஆகும் என்பது 1880களில் ஹேர்ட்சு காட்டியது. அப்படியானால் உராய்வு சுமைக்கு நேர்விகிதசமமாக இருக்கவே முடியாது. 1966 இல் கிறீன்வூட், வில்லியம்சன் ஆகியோர் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள்: வெவ்வேறு உயரமுள்ள ஏராளமான சிகரங்கள் இருக்கும்போது, சுமை கூடக்கூட ஒவ்வொரு தொடுகையும் பருப்பதைவிடப் புதிய தொடுகைகள் உருவாவதே அதிகம் நடக்கிறது; ஆகவே மொத்தத் தொடுபரப்பு ஏறத்தாழச் சுமைக்கு விகிதசமமாக வளர்கிறது. பாடநூல் விதி கரடான பரப்புகளில் பலிப்பது இதனால்தான். வழவழப்பான படலத்தில் அந்தச் சிகரக் கூட்டம் இல்லை. விதியும் அங்கே பலிப்பதில்லை.

அடுத்தது மேற்பரப்புச் சக்தி. ஒரு பொருளின் உள்ளே இருக்கும் மூலக்கூறு எல்லாப் பக்கமும் அயலவர்களால் இழுக்கப்படுகிறது. மேற்பரப்பில் உள்ளதற்கு ஒரு பக்கத்தில் அயலவர்கள் இல்லை. அந்தக் குறைபாட்டின் அளவே மேற்பரப்புச் சக்தி. நீருக்கு இது 20 பாகை செல்சியசில் மீற்றருக்கு 72.8 மில்லிநியூட்டன், பொலித்தீனுக்கு ஏறத்தாழ 31, ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் டெஃப்லோனுக்கு 20 இற்கும் கீழே. இந்த எண் குறைவாக உள்ள மேற்பரப்பு, பக்கத்தில் வரும் எதையும் இழுத்து வைத்துக்கொள்ள அவ்வளவாக முனைவதில்லை. மழை நாளில் பொலித்தீன் தாளின் மீது நீர் பரவாமல் மணிமணியாக உருள்வதும், அதே தாளின் மீது சாதாரண மை பிடிக்காததும் இதனால்தான்.

மை பிடிக்காத தாளில் தேயிலைப் பொதியின் பெயரையும் படத்தையும் அச்சிடுவது எப்படி? அச்சுக்குப் போகும் முன் படலத்தை உயர் மின்னழுத்த மின்னிறக்கத்தின் ஊடாகச் செலுத்துகிறார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் மேற்பரப்புச் சங்கிலிகளுடன் சேர்ந்து முனைவுள்ள (மின்னேற்றம் சற்றுப் பிரிந்திருக்கும்) அணுக் கூட்டங்களை உண்டாக்க, மேற்பரப்புச் சக்தி 38 முதல் 42 வரை உயர்கிறது. மை பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே பக்கம் அடுத்த தாளையும் பிடித்துக்கொள்கிறது. தாளின் ஒரு பக்கம் வழுக்குவதும் மறுபக்கம் இழுபடுவதும் குறைபாடு என்று சிலர் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அது வேண்டுமென்றே செய்யப்பட்ட வேறுபாடு. மென்மையான பொருள்களில் மேற்பரப்புச் சக்தி தொடுபரப்பையே பெரிதாக்குகிறது என்பதை 1971 இல் ஜோன்சன், கெண்டல், றொபேட்சு ஆகிய மூவரும் கணிதத்தால் காட்டினார்கள். சுமையே இல்லாவிட்டாலும், ஏன், சற்று மேல்நோக்கி இழுத்தாலும்கூட, ஒட்டுதலால் ஒரு தொடுபரப்பு எஞ்சியிருக்கும். அதனை நகர்த்த விசையும் வேண்டும். சுமை பூச்சியமானால் உராய்வும் பூச்சியம் என்னும் பாடநூல் விதி இங்கே நேரடியாகவே பொய்த்துப்போகிறது.

இனி, நடைமுறையில் எல்லாவற்றையும்விட வலுவான காரணத்துக்கு வருவோம். பொலித்தீன் உருகியிருக்கும்போதே அதில் ஒரு கொழுப்பமில ஏமைட்டைக் கலந்துவிடுவது வழக்கம். கடுகு இனத் தாவரங்களின் எண்ணெயிலிருந்து பெறப்படும் எருக்கமைட்டும், அதைவிடச் சற்றுக் குட்டையான ஒலியமைட்டும் இதற்குப் பெயர் போனவை. மொத்தம் 22 காபன் அணுக்களைக் கொண்ட எருக்கமைட்டில் ஒரு நீண்ட வாலும், அதன் முனையில் ஒரு முனைவுள்ள ஏமைட்டுத் தலையும் உண்டு. உருகிய நிலையில் இது பொலித்தீனோடு இணங்கிக் கலந்திருக்கிறது. குளிர்ந்து பளிங்காகத் தொடங்கியதும் பொலித்தீன் சங்கிலிகள் தமக்குள் நெருங்கி அணிவகுக்க, இடமில்லாமற் போன ஏமைட்டு மூலக்கூறுகள் பளிங்கற்ற பகுதிகளின் வழியாக மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வருகின்றன. அங்கே தலைகள் தமக்குள் ஐதரசன் பிணைப்பால் கோத்துக்கொள்ள, வால்கள் வெளியே பார்க்க, ஒரு மெழுகுப் படை உருவாகிறது. அதற்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்று சறுக்குபவை பொலித்தீன் சங்கிலிகள் அல்ல. பலவீனமான வன்டர்வாலிசு விசையால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த வால்களே. அறுப்பதற்கான தகைப்பு வீழ்ச்சியடைகிறது. இந்தச் சேர்மானம் இல்லாத பொலித்தீனின் உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசையைச் செவ்வன் மறுதாக்கத்தால் வகுத்தால் வரும் எண், 0.5 ஐத் தாண்டுவது சாதாரணம். சேர்த்ததும் அது 0.2 இற்கும் கீழே இறங்கிவிடும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கேள்வியில்தான் படலத்தின் மெல்லிய தன்மை தன் குணத்தைக் காட்டுகிறது. 25 மைக்குரோமீற்றர் தடிப்புள்ள தாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு எருக்கமைட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் வெளியே வந்து இரண்டு பக்கங்களிலும் சமமாகப் படிந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 12 நனோமீற்றர் தடிப்புள்ள படை கிடைக்கும். ஒரு மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 3 நனோமீற்றர். ஆகவே நான்கு மூலக்கூறு அடுக்குகள். அதே செறிவில் 50 மைக்குரோமீற்றர் தாளுக்கு எட்டு அடுக்குகளுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது; 10 மைக்குரோமீற்றர் தாளுக்கோ இரண்டு அடுக்குகள்கூடச் சரியாகத் தேறாது. தடித்த தாளுக்குச் சரியாக இருந்த கலவையை அப்படியே மெல்லிய தாளுக்குப் பயன்படுத்தினால் அது ஒட்டிக்கொள்வதற்கும், மெல்லிய தாளின் கலவையைத் தடித்ததற்குப் போட்டால் மெழுகு அளவுக்கு மிஞ்சிப் பூத்து அச்சையும் வெப்ப ஒட்டையும் கெடுப்பதற்கும் இந்தச் சிறு கணக்கே விளக்கம்.

ஊர்ந்து வருவதற்கு நேரமும் வேண்டும். தயாரான உடனே அளந்த குணகமும் சில நாள்கள் கழித்து அளந்த குணகமும் ஒன்றாக இருப்பதில்லை. பரவல் வெப்பநிலையோடு வேகம் கூடுவது. கொழும்பில் 28 பாகையில் கிடக்கும் சுருளை விட, நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் வைக்கப்பட்ட சுருளில் மெழுகு மேலே வருவதற்கு அதிக காலம் எடுக்கும். அதற்காக, ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு கட்டுக்கும் மலையகக் குளிரைக் குற்றஞ்சொல்ல முடியாது என்பது என் கருத்து. வெப்பமும் பாரமும் சேர்ந்தால்தான் படலங்கள் ஒன்றோடொன்று நன்றாக அமிழ்ந்து ஒட்டுகின்றன. கீழ்நாட்டுக் களஞ்சியத்தில் பல கட்டுகளின் அடியில் வெயில் காலம் முழுவதும் கிடந்த கட்டு, மலை ஏறி வரும் முன்பே ஒட்டிப்போயிருக்கக்கூடும்.

வெப்பநிலையின் பங்கு இத்தோடு முடிவதில்லை. பல்பகுதியம் என்பது முழுத் திண்மமும் அல்ல, பாகும் அல்ல. அழுத்திவிட்டுக் காத்திருந்தால் அது மெல்ல இடங்கொடுக்கிறது. தொடுபரப்பு நேரத்தோடு வளர்கிறது. ஓய்வில் நீண்ட நேரம் கிடந்த தாளை முதலில் அசைப்பதற்கு, ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் தாளைத் தொடர்ந்து நகர்த்துவதைவிடக் கூடுதல் விசை தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு பல்பகுதியத்துக்கும், கண்ணாடி போன்ற விறைப்பிலிருந்து இளகிய நிலைக்கு மாறும் ஒரு வெப்பநிலை உண்டு. பொலிஸ்ரைறீனுக்கு அது 100 பாகை அளவில். பொலித்தீனுக்குப் பூச்சியத்துக்கும் மிகக் கீழே. ஆனால் படலம் மிக மெல்லியதாகி, சில பத்து நனோமீற்றர் தடிப்புக்கு வரும்போது இந்த வெப்பநிலையே மாறிவிடுகிறது. சிலிக்கன் மீது பூசப்பட்ட பொலிஸ்ரைறீன் படலங்களில் அது குறைவதை 1994 இல் கெடி, ஜோன்சு, கோரி ஆகியோர் அளந்து காட்டினார்கள். வெளிக்காற்றைப் பார்த்திருக்கும் சங்கிலிகளுக்கு ஒரு பக்கம் தடையில்லாததால் அவை உள்ளே இருப்பவற்றைவிட எளிதில் அசைகின்றன என்பதே பொதுவான விளக்கம். அப்படியான படலத்தின் உராய்வைப் பருமனான துண்டில் அளந்த எண்ணிலிருந்து ஊகிப்பது சரிவராது.

சங்கிலியின் வடிவமும் கணக்கில் வரும். டெஃப்லோனும் கிளைகள் அருகிய உயரடர்த்திப் பொலித்தீனும் நேரான, வழுவழுப்பான சங்கிலிகளால் ஆனவை. சறுக்கும்போது அவை சறுக்கும் திசையில் அணிவகுத்து, எதிர்ப்பரப்பில் மிக மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கின்றன. சங்கிலியில் பக்கக் கிளைகள் துருத்தினால் இந்த நன்மை போய்விடுகிறது என்று 1972 இல் பூலி, டேபர் ஆகியோர் காட்டினார்கள். கடைகளில் கிடைக்கும் மென்மையான பைகளின் தாழடர்த்திப் பொலித்தீன் கிளைகள் நிறைந்த இனம். மெழுகின் துணை அதற்கு அதிகமாகத் தேவைப்படுவதில் வியப்பில்லை.

படலத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதும் உராய்வை மாற்றும். மென்மையான பொருளைத் தடித்த கட்டியாக எடுத்தால் அறுப்பது எளிது, ஆனால் அது நசுங்கிப் பெரிய தொடுபரப்பைத் தருகிறது. கடினமான பொருளில் தொடுபரப்பு சிறிது, அறுப்பதோ கடினம். கடினமான உலோகத்தின் மேல் மென்மையான மெல்லிய படலத்தைப் பூசினால் சுமையை உலோகம் தாங்கிக்கொள்ள, அறுபடுவது மென்படலமாக இருக்கும். இரண்டு பெருக்கக் காரணிகளும் ஒரே நேரத்தில் சிறியவையாகின்றன. டெஃப்லோன் பூசிய தகட்டின் வழுக்கலில் இதற்கும் பங்குண்டு. இத்தகைய படலங்களில் அறுக்கும் தகைப்பு அமுக்கத்தோடு சற்று உயர்கிறது; அமுக்கமே இல்லாதபோதும் அதற்கு ஒரு தொடக்கப் பெறுமானம் உண்டு. தொடக்கப் பெறுமானத்தை அமுக்கத்தால் வகுக்கும்போது சுமை கூடக்கூட அதன் பங்கு சுருங்குவதால், உராய்வுக் குணகம் சுமையோடு குறைந்துகொண்டு போகும். ஆகவே ஒரு படலத்தின் குணகம் இவ்வளவு என்று யாராவது சொன்னால், எந்தச் சுமையில், எந்தப் பரப்புக்கு எதிராக என்று கேட்பது நியாயமான கேள்வி. சிறு தேயிலைப் பொதிகளை நிரப்பும் பொறியில் சுருளிலிருந்து வரும் படலம் ஓர் உலோகத் தோளின் மீது வளைந்து குழாயாகிறது. அங்கே வேண்டியது படலத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான குணகம். நிரப்பிய பொதிகளைப் பெட்டியில் அடுக்கும்போது வேண்டியது படலத்துக்கும் படலத்துக்கும் இடையிலானது. பின்னது அளவுக்கு மீறிக் குறைந்தாலும் சிக்கல்தான்: அடுக்கு சரிந்துவிடும்.

ஈரத்தைப் பற்றிச் சுருக்கமாக. தாள்களுக்கிடையில் தாராளமாக நீர் இருந்தால் அது மசகாகிறது. பனிமூட்டத்தில் படியும் மிக மெல்லிய ஈரமோ மயிர்த்துளை விசையால் தாள்களை ஒன்றாக இழுக்கிறது, முக்கியமாக மின்னிறக்கம் பெற்ற பக்கத்தில். வறண்ட காற்றில் இதற்கு மாறாக, உரசலால் ஏறிய நிலைமின் கசிந்து போகாமல் தங்கித் தாள்களை ஒட்டவைக்கும்.

இவற்றைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே பார்க்க முடியும். ஒரு மரப்பலகையின் மீது ஒரு தாளை இழுத்து ஒட்டி, தட்டையான கட்டையொன்றின் அடியில் அதே தாளின் இன்னொரு துண்டைச் சுற்றி, கட்டையைப் பலகையில் வைத்து மெதுவாகச் சாய்த்தால், கட்டை நழுவத் தொடங்கும் கோணத்தின் தாஞ்சனே நிலையியல் உராய்வுக் குணகம். 11 பாகையில் நழுவினால் ஏறத்தாழ 0.2, 31 பாகை வரை நின்றால் 0.6. சோதிக்கும் பகுதியை விரலால் தொடக்கூடாது, ஏனெனில் விரலின் எண்ணெயும் ஒரு சில மூலக்கூறு அடுக்குகள்தான். ஒவ்வொரு தடவையும் புதிய துண்டைப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் முதல் சறுக்கலிலேயே மெழுகுப் படை இடம் மாறத் தொடங்கிவிடுகிறது. பின்னர் ஒரு துண்டை மதுசாரத்தில் நனைத்த பஞ்சால் இலேசாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மீண்டும் சாய்த்துப் பார்க்கலாம். துடைத்ததில் மெழுகு போயிருந்தால் கோணம் உயரும். அதே தாளைச் சில நாள்கள் மூடி வைத்துவிட்டுச் சாய்க்கும்போது கோணம் மறுபடியும் இறங்கினால், உள்ளே இன்னும் சரக்கு மிச்சமிருந்து மேலே ஊர்ந்து வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.